திரை இருண்ட பிறகும் பேசிய கம்பி

ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இயந்திரம் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. பயாஸ் முத்திரை வரும். எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வரும். ஒரே பெட்டியில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஸென் ஹைப்பர்வைசரின் வரிகள் திரையில் மளமளவென்று ஓடும். பிறகு ஒரே இருட்டு. அந்த இருட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மின்விசிறிகள் ஒருமுறை இரைந்து அடங்கும், மறுபடி பயாஸ் முத்திரை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய இந்தச் சுற்று இரவு பத்தரைக்கும் ஓயவில்லை.

பகலில் நான் செய்தது, லினக்ஸின் மையமான கெர்னலின் சாதாரண மேம்படுத்தல். அதே கெர்னலை ஸென் இல்லாமல் தனி லினக்ஸாகத் தொடங்கினால், முப்பது நொடியில் ஒழுங்காக எழுந்து நின்றது. ஆக, வட்டு சரி, நினைவகம் சரி, செயலி சரி. அடியில் ஸென் உட்கார்ந்தால் மட்டும் வீம்பு. அதன்மேல் ஓட வேண்டிய பதினொரு மெய்நிகர் இயந்திரங்கள் முடங்கிக் கிடந்தன. காலையில் அவற்றைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

திரையில் வரிகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போயின. கைபேசியில் காணொளியாக எடுத்து, பிறகு ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தேன். இருட்டுக்கு முன் கடைசியாக வந்த வரியின் பொருள் இது: ‘ஸென், வீஜிஏ கன்சோலை விட்டுக்கொடுக்கிறது.’ வீஜிஏ என்றால் திரைப் பக்கம், கன்சோல் என்றால் செய்திகள் வெளிவரும் வாசல். அகப்பட்டான் திருடன் என்று நினைத்தேன். கடைசி வரியில் வீஜிஏ என்று இருக்கிறது, அடுத்த கணம் திரை அணைகிறது. இதைவிடத் தெளிவாக வரைகலை அட்டையைக் குற்றம் சொல்ல முடியுமா?

அடுத்த நான்கு மணி நேரம் போனது அப்படித்தான். கெர்னலின் வரைகலை இயக்கியை முடக்கினேன். மானிட்டரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். அட்டையையே பிடுங்கிவிட்டு மதர்போர்டில் உள்ள வரைகலையை வைத்துப் பார்த்தேன். பயாஸில் வரைகலை என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் கை வைத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள்; அந்த அட்டை அன்று பட்ட பாட்டுக்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பத்தரை மணிக்கு, இந்த வேலையில் என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். கதை முழுவதையும் கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை.

“கடைசி வரி என்ன?”

சொன்னேன்.

“சரி. அதற்கு அடுத்த வரியை யார் எழுத வேண்டும்?”

“டொம் ஜீரோ கெர்னல், சார்.”

“அது எழுதியதா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்?”

என்னிடம் பதில் இல்லை.

“பெட்டியில் சீரியல் போர்ட் இருக்கிறதா பார். இருந்தால் திரையை மறந்துவிடு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஸென் எழுந்திருக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003இல் பொதுவெளிக்கு வந்த இந்த ஹைப்பர்வைசர் மிக மெல்லியது. செயலி, நினைவகம், குறுக்கீடுகள் ஆகியவற்றைத்தான் தன் கையில் வைத்துக்கொள்ளும். வட்டை இயக்கவோ வலையமைப்பு அட்டையை இயக்கவோ அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. அந்த வேலைகளுக்காக முதல் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை எழுப்பும். அதன் பெயர் டொம் ஜீரோ; உள்ளே இருப்பது நமக்குப் பழகிய லினக்ஸ். பூட்லோடரான க்ரப் முதலில் ஸென்னை ஏற்றுகிறது, கூடவே லினக்ஸ் கெர்னலையும், தொடக்கத்துக்கு வேண்டியவற்றைச் சுருக்கிக் கட்டிய அதன் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் துணைச் சுமையாக நினைவகத்தில் இறக்கி வைக்கிறது. ஸென் தன் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டபின் டொம் ஜீரோவைத் தட்டி எழுப்புகிறது. அப்போது திரையின் சாவியையும் அதனிடம் கொடுத்துவிடுகிறது. நான் பார்த்த கடைசி வரி அந்தச் சாவி கைமாறியதற்கான ரசீது, அவ்வளவுதான்.

சாவியை வாங்கியவர், திரையில் எழுத்தை வரையும் ஃப்ரேம்பஃபர் இயக்கியைத் தயார் செய்த பிறகுதான் திரையில் ஓர் எழுத்தாவது விழும். அதற்கு முன்பே அவர் மயங்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. ஊமை கண்ட கனவு போல, என்ன நடந்தது என்பது உள்ளேயே தங்கிவிடும். திரையைக் கைவிடாதே என்று ஸென்னுக்குச் சொல்லும் வழி ஒன்று உண்டு. வீஜிஏ அளவுருவில் ‘கீப்’ என்று சேர்த்தால் போதும். ஆனால் மேலே ஓடி மறைந்த வரிகளைத் திரும்ப இழுத்துப் பார்க்க அங்கே வழியில்லை. திரை கொள்ளும் சில டஜன் வரிகளில் பாதியை, நொறுங்கும்போது கொட்டும் செயலிப் பதிவேட்டு எண்களே அடைத்துக்கொள்ளும்.

எழுத்துகளைக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பழைய இணைப்பான சீரியல் போர்ட்டின் கதை வேறு. ஸென் நேரடியாகப் பேசத் தெரிந்த மிகச் சில சாதனங்களில் அது ஒன்று. பேசுவதற்கு வேறு யாருடைய தயவும் வேண்டாம். பதினாறடிமான எண்ணில் 3எஃப்8 என்ற முகவரியில் ஒரு பைட்டை எழுதினால் அது கம்பி வழியே வெளியே போகும். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் 8250 என்ற சில்லு செய்த அதே வேலைதான். பின்னால் வந்த 16550ஏ சில்லு பதினாறு பைட் வரிசை ஒன்றைச் சேர்த்தது. மென்பொருளின் கண்ணுக்கு இன்றைய மதர்போர்டுகளும் அந்தச் சில்லாகவே நடிக்கின்றன. கம்பியின் மின்னழுத்த விதிகள் இன்னும் பழையவை; ஆர்எஸ்-232 தரம் 1960ஐச் சேர்ந்தது.

பெட்டியின் பின்புறம் போர்ட் இல்லை. மதர்போர்டைத் துருவியபோது ஓரத்தில் ‘காம்1’ என்று அச்சிட்ட பத்து ஊசித் தலைப்பு (ஹெடர்) ஒன்று கண்ணில் பட்டது. பழைய பெட்டி ஒன்றைக் குடைந்து, தலைப்பிலிருந்து ஒன்பது ஊசி இணைப்புக்கு வரும் நாடாக்கேபிளை எடுத்தேன். மறுமுனையில் மடிக்கணினி, அதற்கு யூஎஸ்பி சீரியல் மாற்றி, நடுவில் நல் மோடம் கேபிள். எல்லாவற்றையும் பூட்டி, மடிக்கணினியில், சீரியலில் வருவதைக் காட்டும் பிகோகாம் நிரலைத் திறந்து, க்ரப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி ஸென் வரியின் இறுதியில் இரண்டு சொற்களைச் சேர்த்தேன்: ‘காம்1=115200,8என்1’, ‘கன்சோல்=காம்1,வீஜிஏ’. தொடங்கச் சொன்னேன்.

ஒன்றும் வரவில்லை.

இங்கேதான் பலர் சீரியலைக் கைகழுவிவிட்டு மறுபடி திரைக்கு ஓடுவார்கள். ஓடக் கூடாது. கம்பியை நுனியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கணுவாகச் சோதித்துவிடலாம். முதலில் மாற்றி: அதன் 2ஆம், 3ஆம் ஊசிகளை ஒரு சின்ன ஜம்பர் கம்பியால் இணைத்துவிட்டு விசைப்பலகையில் தட்டினால், தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வர வேண்டும். வந்தது. மாற்றி நல்லது. அடுத்து நல் மோடம் கேபிள்: ஒரு முனையின் 2 மறுமுனையின் 3க்கும், 3 மறுமுனையின் 2க்கும், 5 நேராக 5க்கும் போக வேண்டும். ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்க வேண்டுமென்றால் வாய் காதுக்குத்தானே போக வேண்டும். நேர்க்கேபிளில் வாய் வாயோடும் காது காதோடும் முட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரின் பீப் ஒலி, குறுக்கு இணைப்பு சரி என்றது.

மிஞ்சியது நாடாக்கேபிள். மீட்டரை மின்னழுத்தத்துக்கு மாற்றி, சர்வர் பக்கத்து இணைப்பில் 5க்கும் 3க்கும் இடையே வைத்தேன். பூஜ்யம். ஆர்எஸ்-232இல் பேசாமல் இருக்கும் கம்பி பூஜ்யத்தில் இருக்காது. அனுப்பும் ஊசி −3 வோல்ட்டுக்கும் கீழே, எதிர்மறையில் நிற்க வேண்டும். அது பூஜ்யம் என்றால் அங்கே யாருமே இல்லை என்று பொருள். தலைப்பின் ஊசிகளிலேயே நேரடியாக மீட்டரைத் தொட்டேன்: −5.8 வோல்ட். ஆள் உயிரோடுதான் இருக்கிறார், கேபிள்தான் பொய்.

இந்த நாடாக்கேபிள்களில் இரண்டு விதம் புழக்கத்தில் இருக்கிறது என்பதை அன்றுதான் கற்றேன். ஒன்றில் நாடாவை அப்படியே அழுத்திப் பிணைத்திருப்பார்கள். தலைப்பின் 2ஆம் ஊசி இணைப்பின் 6க்கும், 3ஆம் ஊசி 2க்கும் போய்ச் சேரும். மற்றதில் எண்ணுக்கு எண் நேராகப் போகும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மதர்போர்டு எதிர்பார்ப்பதற்கு மாறான கேபிளை மாட்டினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, வெறும் மௌனம்தான் வரும். கேபிளின் முனைகளைக் கழற்றிக் கம்பிகளை இடம் மாற்றுவதற்குள் மணி பன்னிரண்டு.

இடையே ஓர் எச்சரிக்கை. சிறு மின்னணுப் பலகைகளுக்கென்று வரும் 3.3 வோல்ட் யூஎஸ்பி மாற்றிகளும் சீரியல் என்றுதான் பெயர் வைத்துக்கொண்டிருக்கும். அவற்றை ஆர்எஸ்-232 தலைப்பில் மாட்டினால் கன்சோல் வராது. புகை வேண்டுமானால் வரலாம்.

இப்போது எழுத்துகள் வந்தன. வந்தன என்றால், கேள்விக்குறிகளும் கட்டங்களும் தலைகீழ் எழுத்துகளுமாக ஒரு குப்பை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் குப்பை நல்ல செய்தி. கம்பி சரி, வேகம் மட்டும் பொருந்தவில்லை. பிகோகாம் தன் வழக்கமான 9600இலேயே கேட்டுக்கொண்டிருந்தது. 115200 என்று சொல்ல மறந்திருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதல்ல. ஓர் எழுத்துக்குத் தொடக்கத் துணுக்கும் முடிவுத் துணுக்கும் சேர்த்துப் பத்துத் துணுக்குகள் செலவாகும். 115200 வேகத்தில் நொடிக்கு 11520 எழுத்து. 9600இல் வெறும் 960. அறுபதாயிரம் எழுத்துள்ள தொடக்கப் பதிவு முதலாவதில் ஐந்தாறு நொடியில் வந்துவிடும், இரண்டாவதில் ஒரு நிமிடத்துக்கு மேல் சொட்டிக்கொண்டிருக்கும்.

வேகத்தைத் திருத்தியதும் ஸென்னின் வரிகள் முத்து முத்தாக இறங்கின. பதிப்பு எண், கட்டளை வரி, நினைவக வரைபடம், செயலிகளின் வரிசை, டொம் ஜீரோவுக்கு ஒதுக்கிய பக்கங்கள், சாவி கைமாறிய அந்த வரி. அதற்குப் பிறகு, திரையில் நான் ஒருபோதும் பார்க்காத ஒன்று: டொம் ஜீரோ நொறுங்கிவிட்டது, ஐந்து நொடியில் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்கிறேன் என்று ஸென்னே சொன்னது. ஆக, நான் மாலை முதல் வெறித்த அந்த இருட்டு வெறும் இருட்டல்ல. ஸென் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, என் காதுதான் தவறான சுவரில் இருந்திருக்கிறது.

ஆனால் டொம் ஜீரோ ஏன் நொறுங்கியது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. லினக்ஸ் கெர்னல் வாயே திறக்கவில்லை. அதன் கட்டளை வரியைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பழைய பழக்கத்தில் கெர்னல் வரியில் ‘கன்சோல்=டிடிஒய்எஸ்0’ என்று எழுதியிருந்தேன். தனி லினக்ஸில் அதுதான் முதல் சீரியல் போர்ட். ஸென்னின் மேல் ஓடும்போது அப்படியில்லை. போர்ட்டை ஸென் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிடுகிறது, டொம் ஜீரோவின் கண்ணிலேயே காட்டாது. டொம் ஜீரோ பேச வேண்டுமானால் ஸென் கொடுக்கும் ‘ஹெச்விசி0’ என்ற மெய்நிகர் கன்சோலில் பேச வேண்டும், ஸென் அதைத் தன் கம்பியில் கலந்து வெளியே அனுப்பும். இரண்டு வரிகள், இரண்டு கட்டளைத் தொகுதிகள். ஒன்றின் சொல்லை மற்றதில் எழுதினால் இரண்டுமே கண்டுகொள்ளாமல் போய்விடும். ஸென் தொடர்பான உதவிக் கேள்விகளில் பாதி இந்த ஓர் இடறலில் பிறப்பவை என்பது என் எண்ணம்.

இம்முறை கெர்னல் வரியில் ‘கன்சோல்=ஹெச்விசி0’, ‘எர்லிபிரிண்ட்கே=ஸென்’ இரண்டையும் வைத்தேன். இரண்டாவது, கன்சோல் முறையாகத் தயாராகும் முன்னரே கெர்னலைப் பேச வைக்கும். ஸென் வரியில் இன்னும் மூன்றைச் சேர்த்தேன். ‘லாக்லெவல்=ஆல்’, எதையும் மறைக்காதே என்பதற்கு; இதை ஸென் வரியில் உயிரெழுத்துகள் குறைத்து எழுத வேண்டும், லினக்ஸ் வரியில் முழுசாக, அதுவும் ஒரு பொறி. ‘நோரீபூட்’, செத்தால் செத்தபடி கிட, எழுந்து ஓடாதே என்பதற்கு. ‘சிங்க்_கன்சோல்’, ஒவ்வோர் எழுத்தும் கம்பியில் போன பிறகே அடுத்த வேலை என்பதற்கு.

கடைசியாகச் சொன்னது எதற்கென்று சொல்ல வேண்டும். சாதாரணமாக ஸென் தன் வரிகளை நினைவகத்தில் ஒரு தாங்கியில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். கம்பி தன் வேகத்தில் அதைக் காலி செய்யும். இயந்திரம் திடீரென்று உறைந்தால், தாங்கியில் இருக்கும் கடைசிச் சில வரிகள் அதோடு புதைந்துவிடும். நீங்கள் பார்க்கும் கடைசி வரி, எழுதப்பட்ட கடைசி வரியாக இருக்காது. ‘சிங்க்_கன்சோல்’ அந்த ஏமாற்றைத் தடுக்கிறது. விலை, வேகம். அதை இயக்கினால் ஸென் பெரிய எழுத்துகளில், நட்சத்திரக் குறிகளோடு, இது பிழை தேடுவதற்கு மட்டும், நேரக் கணக்கே தவறக்கூடும் என்று எச்சரித்துவிட்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டுத்தான் தொடரும். அந்த எண்ணிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் பள்ளி விளையாட்டு ஆசிரியரின் நினைவு வருகிறது.

மூன்று, இரண்டு, ஒன்று. ஸென் வரிகள். சாவி கைமாறிய வரி. உடனே, எந்த இடைவெளியும் இல்லாமல், லினக்ஸின் வரிகள் கொட்டின. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நூற்றுச் சொச்சம் வரிகளுக்குப் பிறகு ஒரு நினைவகக் கணக்குப் பட்டியல் நீண்டது. அதன் அடியில் இரண்டு வரிகள். ‘நினைவகம் தீர்ந்தது, கொல்லத்தக்க செயல்முறை எதுவும் இல்லை’ என்பது முதலாவது. ‘நினைவகத்தில் அமைப்பு முட்டுச்சந்தில் சிக்கிக்கொண்டது’ என்று கெர்னல் தன்னையே நிறுத்திக்கொள்ளும் ‘பேனிக்’ இரண்டாவது. அதன்பின் ஸென்: டொம் ஜீரோ நொறுங்கியது, நீங்கள் சொன்னபடி மறுதொடக்கம் செய்யவில்லை. அப்படியே நின்றது. கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

நினைவகம் தீர்ந்ததா? 32 ஜிபி உள்ள இயந்திரத்தில்?

பிகோகாமின் பதிவுக் கோப்பைத் திறந்து மேலே போனேன். இதுதான் சீரியலின் இன்னொரு வசதி. வந்த எழுத்தெல்லாம் கோப்பில் இருக்கும், காணொளியைச் சட்டம் சட்டமாக நகர்த்த வேண்டாம். ஸென் தன் கட்டளை வரியை எதிரொலிக்கும் வரி முதல் இருபது வரிக்குள்ளேயே இருந்தது. அதில், என் கையெழுத்து மாதிரி, ‘டொம்0_மெம்=512எம்’.

அதை எழுதியவன் நான்தான். பல ஆண்டுகளுக்கு முன், 8 ஜிபி மட்டுமே இருந்த ஒரு பழைய இயந்திரத்தில், மெய்நிகர் இயந்திரங்களுக்கு அதிகம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்று டொம் ஜீரோவுக்கு 512 எம்பி என்று அளந்து கொடுத்திருந்தேன். இயந்திரம் மாறியபோது அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்து வந்துவிட்டேன். அப்போதைய இனிட்ராம்எஃப்எஸ் 60 எம்பி, விரித்தால் 170. அரைப்படி அரிசியில் குடித்தனம் நடந்தது. அன்றைய மேம்படுத்தல் வரைகலை அட்டைகளின் ஃபர்ம்வேர் கோப்புகளையெல்லாம் உள்ளே திணித்துக்கொண்டு வந்திருந்தது. சுருக்கிய நிலையில் 150 எம்பி; விரித்தால் 380க்கும் மேல். விரிக்கும்போது சுருக்கிய பொதியும் விரித்த கோப்புகளும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினாலே 512ஐத் தாண்டுகிறது. கெர்னல் தனக்கென்று எடுத்துக்கொள்வது அதற்கும் மேல். பொதியைப் பிரித்துக்கொண்டிருந்த நிலையில், முதல் செயல்முறைகூடப் பிறக்காத கட்டத்தில், இடம் தீர்ந்தது. கொன்று இடம் பிடிக்க யாருமே இல்லாததால் கெர்னல் கையை விரித்துவிட்டது. தனி லினக்ஸாகத் தொடங்கும்போது 32 ஜிபியும் அதன் கையில் இருந்ததால் அங்கே இந்தச் சிக்கல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வரைகலை அட்டைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருந்ததே என்று நீங்கள் சொல்லலாம். நானும் அன்று இரவு அப்படிச் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டேன். அதற்கு அட்டையைப் பிடுங்கியிருக்க வேண்டியதில்லை.

சரிசெய்தது ஒரே சொல். க்ரப்பின் திருத்தப் பக்கத்தில் 512எம் இருந்த இடத்தில் ‘2ஜி,மேக்ஸ்:2ஜி’ என்று எழுதித் தொடங்கினேன். பிற்பாடு க்ரப் அமைப்புக் கோப்பிலும் மாற்றி, பட்டியலைப் புதுப்பித்தேன்; ‘சிங்க்_கன்சோல்’ஐயும் ‘நோரீபூட்’டையும் நீக்கினேன். சீரியல் கன்சோல் அமைப்பை மட்டும் நிரந்தரமாக விட்டுவைத்திருக்கிறேன். தொலைவில் உள்ள சர்வர்களில் கம்பிக்குப் பதில், தொலைவிலிருந்து சர்வரை மேலாளும் ஐபிஎம்ஐ வழியாக வலையமைப்பில் இதே சீரியல் வரும்; அங்கே பெரும்பாலும் காம்1 அல்ல, காம்2. மற்றபடி எழுத வேண்டிய சொற்கள் இவையேதான்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். கம்பியில் தட்டும் எழுத்து வழக்கமாக டொம் ஜீரோவுக்குப் போகும். கண்ட்ரோல் விசையோடு ‘ஏ’யைத் தொடர்ந்து சில முறை அழுத்தினால் ஸென்னிடமே பேசலாம், எத்தனை முறை என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஸென்னே தன் வரியில் சொல்லிவிடும். அங்கே ‘எச்’ அடித்தால் உதவிப் பட்டியல் வரும். பதிவேடுகளை, குறுக்கீடுகளை, ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் நிலையைக் கொட்டச் சொல்ல ஒவ்வோர் எழுத்து இருக்கிறது. டொம் ஜீரோ செத்துக் கிடக்கும்போதும் இது வேலை செய்யும். ஆனால் பிகோகாம், அதைப் போன்ற மினிகாம், ஸ்கிரீன் ஆகிய மூன்று நிரல்களுமே அதே விசையைத் தமக்கென்று வைத்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் அழுத்துவதை அவையே விழுங்கிவிடும். பிகோகாமின் தப்பிப்பு விசையை வேறு எழுத்துக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு ஸென்னோடு பேச வாய்த்தது.

ஒன்று ஐம்பதுக்கு மடிக்கணினியில் வரிகள் ஓடி முடிந்து, பயனர் பெயரைக் கேட்டு டொம் ஜீரோ நின்றது. மெய்நிகர் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பதினொன்றையும் எண்ணிப் பார்த்தேன். எழுந்து மானிட்டரை அணைக்கப் போனபோதுதான் தெரிந்தது, கடைசியாக க்ரப்பைத் திருத்தித் தொடங்கிய கையோடு மானிட்டரின் இணைப்பையும் பிடுங்கிப் போட்டிருந்தேன்.